முந்திய வரிசை: பெருந்தொற்றுக் காலக் கொள்முதலும் பிரிட்டன் மக்களின் சினமும்

1855 ஜனவரியில், கிரிமியப் போர்முனையில் படைவீரர்கள் குளிர்கால உடையின்றித் தவித்தது குறித்து விசாரணை கோரிய தீர்மானம் அபர்தீன் பிரபுவின் அரசையே கவிழ்த்தது. நெருக்கடிக் கால வழங்கலில் நேரும் குளறுபடியை பிரிட்டன் மக்கள் எளிதில் பொறுப்பதில்லை. 1866ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் செலவுகளைத் தணிக்கை செய்யத் தலைமைத் தணிக்கையாளர் பதவியை நிறுவியது. அவர் தலைமையில் இன்று இயங்கும் தேசியத் தணிக்கை அலுவலகம்தான் 2020இன் கொரோனா காலச் சினத்துக்கு எண்களைக் கொடுத்தது.

2020 வசந்த காலத்தில் மக்களின் கோபம் வேறாக இருந்தது. பாதுகாப்பு அங்கி கிடைக்காமல் செவிலியர்கள் குப்பைப் பைகளை அணிந்து பணியாற்றியபோது, அரசு ஏன் இன்னும் வாங்கவில்லை என்றே கேட்டார்கள். அதிதீவிர அவசரத்தில் ஒப்பந்தப்புள்ளி கோராமல் வாங்க 2015ஆம் ஆண்டுக் கொள்முதல் விதிகளே இடம் தந்தன; அதை அன்று குறை சொன்னவர்கள் குறைவு.

அந்தக் கேள்வியை அவ்வாண்டு நவம்பரில் வெளியான தணிக்கை அறிக்கை மாற்றியது. ஜூலை இறுதிவரை வழங்கப்பட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 1,800 கோடி பவுண்டு. அதில் 1,050 கோடி போட்டியின்றிப் போனது. பாதுகாப்புக் கவசம் விற்க முன்வந்தோருக்கு இரண்டு வரிசைகள் இருந்தன. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள் போன்றோர் பரிந்துரைத்தவர்கள் தனி வரிசையில் நின்றார்கள். கோயில் சிறப்பு தரிசனத்துக்காவது வெளிப்படையாகக் கட்டணம் எழுதிப் போட்டிருக்கும். இங்கே அப்படியொரு வரிசை இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. தனி வரிசையில் 493 பேரில் 47 பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. பொது வரிசையில் 14,892 பேரில் 104 பேருக்கு. பத்தில் ஒருவர் எங்கே, நூற்றில் ஒருவர்கூட இல்லாதது எங்கே!

வாங்கிய பொருளின் தரமோ எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. அயண்டா நிறுவனத்துடனான 25.2 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் வந்த 5 கோடி முகக்கவசங்களில் தலைப்பட்டைக்குப் பதில் காதுப்பட்டை இருந்ததால், மருத்துவமனைகளில் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. முதல் ஆண்டில் பாதுகாப்புக் கவசங்களுக்குச் செலவிட்ட 1,200 கோடி பவுண்டில் 870 கோடி கணக்கிலிருந்து தள்ளப்பட்டது. விலையேற்றமும் அதில் அடங்கும். முழுவதையும் ஊழல் என்பது பிழை.

நீதிமன்றப் போராட்டத்தை நடத்தியது குட் லா ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு. ஒப்பந்த விவரங்களை 30 நாளுக்குள் வெளியிடாதது சட்டமீறல் என்று 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் கூறியது. தனி வரிசை சம நடத்தைக் கடமையை மீறியது என்ற தீர்ப்பு 2022 ஜனவரியில் வந்தது. ஆனால் அந்த வரிசை இல்லாவிட்டாலும் வழக்கில் குறிப்பிடப்பட்ட நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்கும் என்று கருதிய நீதிமன்றம் வேறு நிவாரணம் தர மறுத்தது. தவறு என்று சொல்லி விளைவின்றி விட்ட இந்தத் தீர்ப்பே, என் கணிப்பில், மக்களின் கசப்பை நீட்டித்தது.

2025 பிப்ரவரி 24இல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டம் அவசர நேரடி ஒப்பந்தத்தை நீக்கவில்லை. வழங்கும் முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றது. அவ்வாண்டு அக்டோபரில், 2.5 கோடி அங்கிகள் தொடர்பான வழக்கில் பிபிஇ மெட்ப்ரோ நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதாகக் கண்ட உயர் நீதிமன்றம், அரசுக்குச் சுமார் 12.2 கோடி பவுண்டு செலுத்த உத்தரவிட்டது. தீர்ப்புக்கு முந்தைய நாளே அந்நிறுவனம் நொடிப்புக்கால நிர்வாகத்துக்குள் செல்லும் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டிருந்தது.