பகலின் கண்

ஐரோப்பியப் புல்வெளிகளில் எவரும் விதையாமலே பூத்துக் கிடக்கும் சிறு பூ டெய்சி. நடுவே மஞ்சள் வட்டம். அதனைச் சூழ்ந்து வெண்ணிற இதழ்கள். இதழ்கள் எனக் கண்ணுக்குத் தோன்றுபவை உண்மையில் இதழ்கள் அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனிப் பூவே. மஞ்சள் வட்டமும் நுண்பூக்களின் திரளே. மாலையில் வெண்கதிர்கள் மேல்நோக்கிக் குவிந்து மஞ்சளை மூடிக்கொள்ளும், விடிந்ததும் விரியும்.

பழைய ஆங்கில மக்கள் இதனை உற்றுநோக்கியே பெயரிட்டனர். 'டையெஸ் ஏஅகெ' என்பது அவர்கள் வழங்கிய தொடர்; 'பகலின் கண்' என்பது அதன் பொருள். இமை திறந்து மூடும் கண்ணாகப் பூவைக் கண்ட உழவரோ இடையரோ யாரென்று வரலாறு சொல்லாது. அத்தொடர் நாவில் தேய்ந்து 'டெய்சி' என ஒரே சொல்லாயிற்று. நம் இலக்கணம் இதனை மரூஉ என்னும். மருவிய பின் சொல்லுக்குள் இருந்த உவமை மறைந்துவிட்டது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அரசவையின் மொழி பிரெஞ்சு. ஆங்கிலம் வயலிலும் அடுக்களையிலும் வாழ்ந்தது. வழக்குமன்றங்களில் வாதாட ஆங்கிலத்திற்கு இடமளிக்கும் சட்டமே 1362-இல்தான் பிறந்தது. அக்காலப் பிரெஞ்சுக் கவிஞர்கள் இதே பூவை 'மார்கரீத்' என்று போற்றினர். மாஷோ, ஃப்ருவாசார் முதலியோர் அதன்மேல் பாடல்கள் புனைந்தனர். கிரேக்கத்தில் முத்தைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது அப்பெயர். உயர்குலப் பெண்டிர் பலரின் பெயரும் அதுவே ஆதலால், பூவைப் பாடுவதும் தலைவியைப் பாடுவதும் ஒன்றாயின.

இக்கவிதைகளை நன்கறிந்தவர் ஜெஃப்ரி சாசர். ஏறக்குறைய 1386-இல் 'நல்ல பெண்டிர் புராணம்' என்னும் நூலின் முன்னுரைப் பகுதியில் அவர் இப்பூவைப் பாடினார். மே மாதக் காலையில் அது விரிவதையும், இருளுக்கு அஞ்சியதுபோல் மாலையில் குவிவதையும் காணச் செல்வதாக அங்கே கூறுகிறார். பிரெஞ்சுப் பெயரின் பொலிவு அவரை ஈர்க்காமலில்லை. எனினும் 'டெய்சி' என்ற நாட்டார் சொல்லையே எடுத்து, அதனைப் பிரித்து, 'பகலின் கண்' என அழைப்பது தக்கதே என்று காரணமும் காட்டினார். அகராதி செய்வோர் பின்னாளில் செய்ய வேண்டியதைக் கவிஞர் முன்னரே செய்துவிட்டார்.

1753-இல் லின்னேயஸ் இதற்கு 'பெல்லிஸ் பெரென்னிஸ்' என இலத்தீனில் பெயர் வைத்தார். அதில் கண்ணும் இல்லை, பகலும் இல்லை. அண்டை நாடாகிய வேல்சிலோ பொருள் தேயவில்லை. 'பகலின் கண்' என்பதே அங்கும் இப்பூவின் பெயர். மருவாமல், முழுத் தொடராகவே இன்றும் வழங்குகிறது.