பிலிப்பைன்ஸ் போர் வீரர்கள்: ஒரு சட்டம் பறித்ததை மீட்க 63 ஆண்டுகள்

1941 டிசம்பர் 8. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிய அதே நாளில் பிலிப்பைன்ஸ் மீதும் குண்டுகள் விழுந்தன. நம் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லும் அந்தக் கொடிய ஆண்டுகளைப் பிலிப்பைன்ஸ் மக்களும் கண்டார்கள். அங்கே அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட வீரர்களுக்கோ, போர் முடிந்த பிறகு இன்னொரு போராட்டம் காத்திருந்தது. தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பப் பெறும் போராட்டம் அது.

யாருடைய படை?

அன்று பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1941 ஜூலை 26-ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை, பிலிப்பைன்ஸ் இராணுவத்தை அமெரிக்கப் படைச் சேவைக்கு அழைத்தது. போர்க்காலத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இவ்வாறு சேவையாற்றினர்.

1942 ஏப்ரல் 9-ஆம் தேதி பாத்தான் வீழ்ந்தது. சரணடைந்தவர்களை ஜப்பானியர் கொளுத்தும் வெயிலில் சிறைமுகாமுக்கு நடத்திச் சென்றனர். சுமார் 100 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தப்பியவர்கள் பலர் காடுகளிலும் மலைகளிலும் இருந்து கெரில்லாப் போரைத் தொடர்ந்தனர்.

1946-இல் நடந்தது என்ன?

1946 பிப்ரவரி 18-ஆம் தேதி, செலவாகாத போர்க்கால நிதி ஒதுக்கீடுகளை ரத்து செய்யும் சட்டம் ஒன்றில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். பிலிப்பைன்ஸ் இராணுவத்துக்கு 20 கோடி டாலர் வழங்கிய அதே சட்டத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பிலிப்பைன்ஸ் இராணுவத்தில் ஆற்றிய சேவை, சலுகைகளுக்கு உரிய அமெரிக்க இராணுவச் சேவையாகக் கருதப்படாது என்பதே அது. அதே ஆண்டு மே மாதம் வந்த மற்றொரு சட்டம், போரின் முடிவில் சேர்க்கப்பட்ட ‘புதிய ஸ்கவுட்’ படையினரின் சலுகைகளையும் குறைத்தது.

ஓய்வூதியம், கல்வி உதவி, வீட்டுக்கடன் உதவி போன்றவை இவர்களுக்கு இல்லாமல் போயின. போரில் உடல் ஊனமுற்றவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உரிய இழப்பீடு மட்டும் தொடர்ந்தது. அதுவும் அமெரிக்க வீரர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. அமெரிக்க இராணுவத்தின் நிரந்தரப் பிரிவாக இருந்த பழைய ஸ்கவுட் படையினர் மட்டுமே முழுச் சலுகையும் பெற்றனர்.

பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4-இல் சுதந்திரம் பெறவிருந்ததும், முழுச் சலுகைக்கு ஆகக்கூடிய பெரும் செலவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. பிலிப்பைன்ஸ் வீரர்களின் நலனைக் கவனிப்பது அமெரிக்காவின் தார்மீகக் கடமை என்று கையெழுத்திட்ட ட்ரூமனே சொன்னார். சட்டமோ அப்படியே இருந்தது.

சிறிது சிறிதாக

1990-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் இவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெற வழி திறந்தது. எழுபது வயதை நெருங்கியவர்களும் தாண்டியவர்களும் அமெரிக்கா சென்றனர். குடியுரிமை கிடைத்தது. சக வீரருக்குரிய ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

முழுச் சம உரிமை கோரும் மசோதாக்கள் 1990-களிலிருந்து மீண்டும் மீண்டும் அமெரிக்கக் காங்கிரசுக்கு வந்து நிறைவேறாமல் போயின. 1997-இல் முதிய வீரர்கள் வெள்ளை மாளிகை வேலியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினர். 2000-களின் தொடக்கத்தில் வந்த சட்டங்கள், அமெரிக்காவில் வசித்தவர்களுக்கு மருத்துவ வசதியையும் முழு அளவு ஊன இழப்பீட்டையும் விரிவாக்கின. தாய்நாட்டிலேயே தங்கியவர்களுக்கு இவை எட்டவில்லை.

2009 சட்டம்

2009 பிப்ரவரி 17-ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்தில் இவர்களுக்கென ஒரு பிரிவு சேர்ந்தது. இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே. அவரே இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். 1946 சட்டத்துக்கு 63 ஆண்டு நிறைய ஒரே நாள் இருந்தது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000 டாலர் என ஒரே தவணையில் வழங்க 19.8 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மாத ஓய்வூதியம் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டவர், அந்தச் சேவையின் பேரில் அமெரிக்காவிடம் மேற்கொண்டு எதுவும் கோர முடியாது. ஏற்கெனவே பெற்றுவந்த சலுகைகள் மட்டும் தொடரும்.

விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 1942-இல் இருபது வயதாக இருந்தவருக்கு அப்போது 87 வயது. விண்ணப்பித்த பின் வீரர் இறந்தால் மனைவிக்குப் பணம் கிடைக்கும். அதற்கு முன்பே இறந்தவரின் மனைவிக்கு எதுவும் இல்லை.

40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவை பாதிக்கும் குறைவு. விண்ணப்பித்தவரின் போர்க்காலச் சேவையை அமெரிக்க இராணுவப் பதிவேடுகளைக் கொண்டு உறுதிசெய்தார்கள். காட்டில் ஒளிந்து போரிட்ட கெரில்லா வீரர்கள் பலரின் பெயர் அந்தப் பதிவேடுகளில் இல்லை.

பதக்கமும் மிச்சமும்

2016-இல் காங்கிரஸ் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் கையெழுத்தானது. 2017 அக்டோபரில் வாஷிங்டனில் அது வழங்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலரே. 2009 சட்டமும் இவர்களின் சேவையை அந்த ஒரு தொகைக்காக மட்டுமே அமெரிக்க இராணுவச் சேவையாக ஏற்றது. 1946-இல் பறிபோன மற்ற சலுகைகள் முழுமையாகத் திரும்பவில்லை.

சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பலவற்றிலும் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. தாத்தா பாட்டியின் பழைய அட்டை, கடிதம், படம் எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். நினைவில் இருக்கும் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள்.