வெள்ளியினின்று திரும்பிய எதிரொலி

தில்லியில் எழும் வானொலி அலை சென்னையை எட்டுவதற்கு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும் அவ்வலை, விண்வெளியிலே புகுந்துவிட்டால் கடிகாரம் கொண்டு எண்ணத்தக்க காலத்தை எடுத்துக்கொள்ளுகிறது. 1946 ஜனவரி 10-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஜான் டிவிட் என்பாரின் தலைமையில் இராணுவப் பொறியியலார் சந்திரனை நோக்கி ரேடார் அலைகளைச் செலுத்தினர். இரண்டரை வினாடியில் எதிரொலி திரும்பிற்று. போய்வரும் காலத்தில் பாதியை அலையின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். கணக்கு அவ்வளவே.

ஆயினும் எளிய கணக்கும் இடறும் என்பதற்கு வெள்ளியே சான்று. கிரகங்களின் தூரங்களுக்கிடையே உள்ள விகிதம் கெப்ளர் காலந்தொட்டே தெரியும். ஆனால் அது அளவுகோல் குறிக்கப்படாத தேசப்படம் போன்றது. ஒரேயொரு தூரத்தைக் கிலோமீட்டரில் நுட்பமாக அளந்துவிட்டால் சூரியனின் தூரம் உட்பட அனைத்தும் தெளிவாகும். அதற்கு வெள்ளியின் எதிரொலி வேண்டும். அதுவோ சந்திரனின் எதிரொலியைக் காட்டிலும் பல லட்சம் மடங்கு மெலிந்தது.

1958 பிப்ரவரியில் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்து லிங்கன் ஆய்வுக்கூடத்தார் அலைகளை அனுப்பி, வந்தவற்றைக் காந்த நாடாவிற் பதிந்து, இரைச்சலினூடே எதிரொலியைத் தேடினர். ஐந்து நிமிஷத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் அது திரும்பியதாக 1959-இல் அறிவித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் நிலையமும் அதனை உறுதிப்படுத்திற்று. இரண்டு நாட்டார் ஒப்பிய பின்னர் ஐயுறுவார் யார்? ஆனால் லிங்கன் ஆய்வுக்கூடத்தாரே 1959-இல் மீண்டும் முயன்றபோது எதிரொலி அகப்படவில்லை.

1961 மார்ச் 10-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் ஐயத்திற்கு இடமில்லாத எதிரொலி கிட்டியது. அன்று வெள்ளி சற்று எட்ட இருந்தமையால் போய்வர ஆறரை நிமிஷமாயிற்று. அதன்பின் பல நாட்கள் அளந்து கணக்கிட்டபோது சூரியனின் சராசரித் தூரம் சுமார் 14,95,98,000 கிலோமீட்டர் என வந்தது. முன்னைய முடிவோ ஏறத்தாழ 1,30,000 கிலோமீட்டர் குறைவு. முன்பு கேட்டதாக எண்ணியது எதிரொலியன்று, வெறும் இரைச்சலே. எதிர்பார்த்திருக்கும் செவிக்கு இரைச்சலிலும் விடை கேட்டுவிடுகிறது. நாமும் வீட்டாரின் கடிதத்தை எதிர்நோக்கும் நாட்களில் வாசலில் தபால்காரர் குரல் கேட்டதாக எழுந்து சென்றதில்லையா? ஜோட்ரல் பாங்க் நிலையத்தாரும் 1961-இல் மறுபடி அளந்து, புதிய அளவையே கண்டனர்.

இத்திருத்தம் ஏட்டோடு நிற்பதன்று. 1962 டிசம்பர் 14-இல் மாரினர்-2 கலம் வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவிற் கடந்தது. பழைய பிழையோ அந்த இடைவெளியைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது.

நம் நாட்டின் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயை அடைந்தபோது, ஒருவழிப் பயணத்திற்கே அலைக்குப் பன்னிரண்டு நிமிஷத்திற்கு மேல் ஆயிற்று. இடையூறு நேரின் பூமியிலிருந்து ஆணையிட்டுத் திருத்த நேரமிராது. ஆதலின் இயந்திரத்தை மூட்டவும் நிறுத்தவும் வேண்டிய கட்டளைகள் முன்னரே கலத்தில் ஏற்றப்பட்டிருந்தன. பெங்களூரில் அமர்ந்திருந்தோர் அறிந்ததெல்லாம் பன்னிரண்டு நிமிஷத்திற்கு முன் நடந்து முடிந்தவையே.