தேன்கனிக்கோட்டைக் காடுகளில் தீத்தடுப்பு: ஒரு வரலாறு

தேன்கனிக்கோட்டையைச் சூழ்ந்த அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர் காடுகள். மாசி, பங்குனியில் மூங்கிலும் புல்லும் காய்ந்து சருகு சேரும். ஒரு பொறியே போதும். ஆலம்பாடி மாடுகளுக்குப் பேர்போன இந்தப் பகுதியில் காட்டு மேய்ச்சல் பழைய வாழ்வாதாரம். காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கும் என்பது மேய்ச்சல்காரர்களின் நெடுநாள் அனுபவம்.

1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை உருவானது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. சேலம் மாவட்டத்தில் அப்போது இருந்த இந்தக் காடுகளுக்கும் அச்சட்டம் பொருந்தியது.

தீத்தடுப்பின் அடிப்படை முறை இன்றும் மாறவில்லை. கோடைக்கு முன்பே புல், சருகுகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கப்படுகின்றன. தீக்காவலர்கள் பச்சைக் கிளைகளால் அடித்து நெருப்பை அணைக்கிறார்கள். தேவைப்பட்டால் எதிர்த்தீ மூட்டி, பரவும் தீக்கு எரிபொருள் இல்லாமல் செய்கிறார்கள்.

2004 முதல் இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டறிந்து எச்சரித்து வருகிறது. இக்காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தனர். அதன்பின் தமிழகம் முழுவதும் மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன.