கண்ணின் நிறமும் ஒரு பிழையான விதியும்

நீலக்கண் பெற்றோருக்குக் கபிலக்கண் குழந்தை பிறவாது என்று 1907ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சார்ள்ஸ் டவன்போட்டும் அவர் துணைவியார் கேட்றூட்டும் எழுதினர். மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்டதை மனிதன் கண்ணிலும் கண்டுவிட்டதாக எண்ணினர் போலும்! எளிமையான இவ்விதி பாடநூல்களிற் புகுந்தது. விதிக்கு அடங்காத குழந்தையின் தாய்மீது ஐயங்கொள்ளவும் இடந்தந்தது. 1910இல் டவன்போட் நிறுவிய இனமேம்பாட்டுப் பதிவகமோ, வறுமையும் கண்ணின் நிறம்போலப் பிறப்பில் வருவதென்று கணக்கிட்டது. மனிதரை வலிந்து மலடாக்கும் சட்டங்களுக்குத் துணைநின்றது.

நீலக்கண்ணில் நீலச்சாயம் எதுவுமில்லை. மெலனின் குறைந்த கதிராளியில் ஒளி சிதறுவதே நீலமாகத் தோன்றுகிறது. அம்மெலனினின் அளவைப் பதினைந்தாம் நிறமூர்த்தத்தில் அருகருகேயுள்ள இரு பரம்பரையலகுகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. வேறு பலவும் அதிற் பங்குகொள்கின்றன. எனவே, அரிதாயினும், நீலக்கண் பெற்றோருக்குக் கபிலக்கண் குழந்தை பிறத்தல் கூடும்.

பதிவகம் 1939இல் மூடப்பட்டது. விதியோ வகுப்பறைகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. நாமும் அதை மனனஞ்செய்து புள்ளி பெற்றவர்களே.