சதியா, ஒரே பார்வையா? மீனாட்சிபுரம் சொல்லும் பாடம்

1981 பிப்ரவரி 19 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் வந்தது.

செய்தி தில்லி வரை அதிர்வை உண்டாக்கியது. வாஜ்பாய் உள்ளிட்ட தலைவர்கள் ஊருக்கே வந்தனர். அரசியல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பெரிதாக ஒலித்த விளக்கம், "வளைகுடாப் பணம், வெளிநாட்டுச் சதி" என்பதுதான்.

ஊர் மக்கள் சொன்ன காரணங்களோ தீண்டாமை, காவல்துறையின் கெடுபிடி, படித்து முன்னேறிய பிறகும் விடாத சாதி இழிவு ஆகியவை. சமூகவியலாளர் மும்தாஜ் அலி கான் 1983-ல் வெளியிட்ட ஆய்வு நூலும் சமூக இழிவையே முதன்மைக் காரணமாகக் காட்டியது.

"இத்தனை பேர் ஒரே கதையைச் சொன்னார்களே, கூடிப் பேசாமலா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். கூடிப் பேச வேண்டிய தேவையே இல்லை. செய்தியாளர் தமக்குப் பழக்கமானவர்களிடம் விசாரிக்கிறார். அதிகாரியும் அவர்களிடமே விசாரிக்கிறார். ஆசிரியருக்கு அது இயல்பான செய்தியாகத் தெரிகிறது. தலித் மக்கள் தாமாகவே முடிவெடுப்பார்கள் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. 1996-ல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், தில்லியில் தேடிப் பார்த்தும் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடக் காணவில்லை என்று 'பயனியர்' நாளிதழில் எழுதினார். எல்லோரும் ஒரே சன்னல் வழியாகப் பார்த்தால் ஒரே காட்சிதானே தெரியும்?

மீனாட்சிபுரம் மக்களும் ஒரே இழிவை அனுபவித்ததால்தான் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதைச் சதி என்றது அநீதி. அதே அநீதியை நாம் பிறருக்குச் செய்யலாமா?

சதிகள் உலகில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. சதி என்று சொல்ல ஆதாரம் வேண்டும் என்கிறோம். செய்தியைத் தீர விசாரிக்கவும், வீண் சந்தேகத்தைத் தவிர்க்கவும் சூரத்துல் ஹுஜுராத் 6, 12 ஆகிய வசனங்கள் கட்டளையிடுகின்றன. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்று சூரத்துல் மாயிதா 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

இந்த வேறுபாடு நடைமுறைக்கும் முக்கியம். சதி என்று நம்பினால், "நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று சோர்ந்துவிடுவோம். ஒருதலைப் பார்வை என்று புரிந்தால் வேலை தெளிவாகும். தவறான செய்திக்கு ஆதாரத்துடன் மறுப்பு அனுப்பலாம். தேவைப்பட்டால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் முறையிடலாம். நம் பிள்ளைகளை இதழியலும் சட்டமும் படிக்க வைக்கலாம். பக்கத்து வீட்டாரோடு பழகலாம். உறுதி செய்யாத சதிக் கதைகளை வாட்ஸ்அப்பில் பரப்பாமல் இருப்பதும் இதில் ஒரு பங்குதான்.

அநீதியை எதிர்க்கும்போதும் நீதி தவறாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.