பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடக் காசா?



சில வாரங்களுக்கு முன் ஸ்ரௌவ்விலில் இருந்து ஓர் ஐயா நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருப்பவர். முதியோருக்கென்று கட்டப்படும் தொடர்மாடியில் ஒரு சிறு வீடு வாங்கும் எண்ணம். "தம்பி, அங்க இருக்கப் போறது கிழடுகள் மட்டும். பிறகேன் பள்ளிக்கூடத்துக்குக் காசு அறவிடுகினம்?" என்று கேட்டார். வானலையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற கதையல்ல. இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

அவர் கேட்டது ஆண்டுதோறும் கட்டும் வீட்டு வரியின் கல்விப் பங்கை அல்ல. இது கல்வி அபிவிருத்திக் கட்டணம். கட்டட அனுமதி எடுக்கும்போது வீடு கட்டுபவர் ஒரு தடவை செலுத்துவது. அவர் அதைத் தன் கையில் இருந்து கொடுப்பதில்லை. வீட்டு விலைக்குள் வைப்பார், அல்லது வீடு கைமாறும் நாளில் சட்டத்தரணி தரும் கணக்குத் தாளில் ஒரு வரியாக வரும். கணக்காளனாக அந்தத் தாளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாவியை வாங்கும் அவசரத்தில் எங்கள் சனம் கடைசியாக வாசிப்பதும் அதைத்தான்.

இந்தக் கட்டணத்தின் சரித்திரத்தில் எங்கள் யோர்க் பிராந்தியத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1989இல் ஒன்ராறியோவின் அபிவிருத்திக் கட்டணச் சட்டம் கல்விச் சபைகளுக்கும் இந்த உரிமையைக் கொடுத்தது. யோர்க் பிராந்தியத்தின் பொதுக் கல்விச் சபையும் கத்தோலிக்க சபையும் அறவிட முனைந்தபோது வீடு கட்டுவோர் சங்கம் நீதிமன்றம் போனது. கீழே வென்று, மேன்முறையீட்டில் தோற்று, வழக்கு கனடிய உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1996 ஓகஸ்டில் தீர்ப்பு. மாகாணம் மறைமுக வரி போட முடியாது என்பது கட்டுவோர் வாதம். நீதியரசர் இயக்கோபுச்சி, இது மறைமுக வரிதான், ஆனால் காணித் திட்டமிடல் ஒழுங்கின் ஓர் அங்கம், ஆகவே செல்லும் என்று எழுதினார்.

1998இல் கல்விப் பணத்தின் கட்டுப்பாடு மாகாணத்தின் கைக்குப் போனபோது, கட்டணம் பள்ளிக்கூடக் காணி வாங்குவதற்கு மட்டும் என்று சுருங்கியது. கட்டடத்துக்கு வேறு பணம். இடம் போதாத சபைதான் இதை அறவிடலாம் என்றும் வந்தது. அதனால்தான் ரொறன்ரோ கத்தோலிக்க சபை அறவிடுகிறது, பொதுக் கல்விச் சபைக்கு அந்த வாய்ப்பில்லை.

ஐயாவின் கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் முன்பே கேட்டுவிட்டார். புளோரிடாவின் வொலூசியா கவுண்டியில் அபர்டீன் என்றொரு வீட்டுத் தொகுதி. 55 வயது தாண்டியோருக்கானது. 18 வயதுக்குக் குறைந்தவர் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது என்று காணிப் பத்திரத்திலேயே பதிந்திருந்தார்கள். கவுண்டி விடவில்லை. சூறாவளி அடித்தால் பள்ளிக்கூடம்தானே புகலிடம், வளர்ந்தோர் வகுப்பும் அங்கேதானே என்று வாதாடியது. 2000இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்குகளை ஏற்கவில்லை. கட்டணத்துக்கும் அந்த வீடுகளால் வரும் தேவைக்கும் தொடர்பு வேண்டும், இங்கே அது இல்லை என்றது. ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். இன்று பிள்ளை இல்லாத வீடு என்பதற்காக விலக்குக் கொடுக்கவில்லை. என்றைக்கும் பிள்ளை இருக்க முடியாத வீடு என்பதற்காகவே கொடுத்தது.

ஒன்ராறியோ அந்த வழியில் முழுதாகப் போகவில்லை. 2019இல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கும் சட்டப்படி நடக்கும் ஓய்வு இல்லங்களுக்கும் விலக்கு வந்தது. முதியோருக்கென்று விற்கும் சாதாரண வீடு அதற்குள் அடங்காது. இங்கே சராசரி பார்க்கிறார்கள். நூறு புதுவீட்டில் எத்தனை மாணவர் வருவர் என்று கணக்குப் போடும்போதே பிள்ளையில்லாத வீடுகளும் அதற்குள் வந்துவிடுகின்றன.

இதில் நான் ஐயாவின் பக்கம் பாதிதான். 2006இல் ஸ்ரௌவ்வில் நகராட்சியின் சனத்தொகை 24,390. 2021இல் 49,864. இத்தனை பேரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டக் காணி வேண்டும், அதன் விலையோ உங்களுக்குத் தெரியும். முதியவர் ஒருவர் நான்கு அறை வீட்டை விற்றுவிட்டுச் சிறு வீட்டுக்குப் போனால், அந்தப் பெரிய வீட்டுக்கு யார் வருவார்? பெரும்பாலும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் போன இடத்தில் மாணவர் இல்லை, விட்டுவந்த இடத்தில் மூன்று பேர். ஊரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் யாரோ ஒரு பெரியவர் எழுதிக்கொடுத்த காணியில்தான் நின்றன. அவர்களில் பிள்ளையில்லாதவர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஓர் அறை வீட்டுக்கும் ஐந்து அறை வீட்டுக்கும் ஒரே தொகை என்று அறவிடும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டு வகைக்கேற்ப வேறுபடுத்த விதிகளில் இடமுண்டு. வயதைக் காட்டி விலக்குக் கேட்பதிலும் அதைக் கேட்பது சுலபம். வயதுக்காகவே விலக்கு வேண்டுமென்றால், அபர்டீன் செய்ததுபோலக் காணி உறுதியில் எழுதவேண்டும். விளம்பரத்தில் முதிய தம்பதி சிரிக்கும் படம் போதாது. அப்படி எழுதினால், நாளைக்கு மகளின் பிள்ளை வந்து தங்கிப் படிக்கவும் முடியாது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேத்தி பல்கலைக்கழகம் போகும்வரை பொறுப்பம்" என்றார்.

புதுவீட்டுக்குக் கையெழுத்து வைக்கப்போகும் மற்றவர்கள், கட்டணங்கள் கூடினால் வாங்குபவர் கட்டவேண்டிய உச்சத்தொகை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதும்படி உங்கள் சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்து வைப்பதற்கு முன்பு.